நன்றியுரை கலியபெருமாள் தலைமை தாங்கிய கூட்டம்

போன மாதம் எங்கள் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எனக்கு போன் செய்தான். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும், சந்தேகம் கேட்கிறேன் என்று சொல்லி இந்தப் பிள்ளைகள் பெருமையடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

"சார், இப்ப ஆன்லைன்ல எடப் பிரச்சினையே கெடையாது. நேத்து பெரம்பலூர் கூட்டத்துல மேடையில இருந்த அத்தன பேர் பேரையும் போட்டுட்டேன். நன்றி சொன்னவர் பேர் வரைக்கும் போயிருச்சு!"

நன்றி சொன்னவர் பேர் வரைக்கும்! சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது. அந்த ஒரு பெயரை அச்சில் ஏற்ற நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீ வேலையை விட்டு ஓடிவிடுவாய் என்றேன்.

"அப்ப எழுதிக் குடுங்க சார், போடலாம். எடம் இருக்கு."

இடம் இருக்கிறதாம். சரி, எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. நான் திருச்சிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, பெல்பாட்டம் பேண்ட்டும் காதை மூடிய முடியுமாக அரியலூரில் திரிந்துகொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு நாளிதழில் பகுதிநேர நிருபர் வேலை கிடைத்தது. அரியலூரும் பெரம்பலூரும் எனக்கு. இரண்டு தாலுகாவின் நல்லது கெட்டது அனைத்தும் என் பேனா முனையில் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் வேறு எப்படி நினைப்பது?

பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. என் முதல் செய்தி, அரியலூர் அருகே சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்தது. "வைகறை வானம் வெண்மை பூண்டது" என்று ஆரம்பித்திருந்தேன். மாவட்டச் செய்திகளைப் பார்க்கும் சந்தானம் சார் என்னைத் திருச்சிக்கு வரச்சொன்னார். தாளைத் தூக்கிக் காட்டினார்.

"லாரி எங்கடா?"

"மூணாவது பத்தியில வருது சார்."

"அதுவரைக்கும் ரோட்டுல யாருமே போவலையா?"

என் பயிற்சி அத்துடன் முடிந்தது.

செய்தி போகும் வழி இதுதான். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் "செய்தி – அவசரம்" என்று எழுத வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தால், அவர் அதை டிரைவருக்கு முன்னால் கண்ணாடி ஓரமாகச் செருகுவார். திருச்சியில் எங்கள் ஆபீஸ் பியூன் வந்து எடுத்துக்கொள்வார். பியூன் டீ குடிக்கப் போயிருந்தால் கவர் அதே பஸ்ஸில் திரும்பிப் பெரம்பலூருக்கே வந்துவிடும். ஒரு மகளிர் மன்றச் செய்தி இப்படியே பல தடவை திருச்சிக்குப் போய்வந்தது. மன்றத் தலைவி ஆயுளில் அத்தனை தடவை திருச்சி பார்த்திருக்க மாட்டார்.

கவர் போய்ச் சேர்ந்தால் சந்தானம் சாரின் மேஜைக்கு வரும். அவர் ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் சீவல். மேஜையில் ஒரு நீளமான இரும்பு ஸ்கேல். கத்தரிக்கோலை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. செய்தித் தாளை எடுத்துத் தலைப்பக்கம் நாலைந்து வரி பார்ப்பார். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் என்பது அவர் மனசுக்குள் இருக்கும். அந்த அளவில் ஸ்கேலை வைத்து, சர்ரென்று ஒரு இழுப்பு. கீழே இருப்பது கூடைக்குப் போய்விடும். அதில் என்ன இருந்தது என்று பார்க்கவே மாட்டார்.

ஒரு தடவை கேட்டேன். "சார், வெட்டுறதையாவது படிச்சிட்டு வெட்டலாமே?"

"படிச்சா மனசு எளகிரும்டா. எளகுனா பேப்பர் லேட்டாவும்."

கூட்டச் செய்தி எழுதவும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. கூட்டம் எந்த வரிசையில் நடந்ததோ அந்த வரிசையில்தான் எழுத வேண்டும். தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார், வரவேற்றார், சிறப்புரை ஆற்றினார். கடைசியில் நன்றி கூறினார். ஸ்கேல் எப்போதும் விழுவது கடைசியில். அதனால் நன்றி சொன்ன எவரும் எங்கள் பத்திரிகையில் வந்ததே கிடையாது. இது எனக்கு ஒரு பிரச்சினையாகவே தோன்றியதில்லை, டெய்லர் கலியபெருமாளைச் சந்திக்கும் வரை.

கலியபெருமாளுக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல்கடை. ஊரில் நடக்கும் எல்லாக் கூட்டத்துக்கும் நன்றியுரை அவர்தான். நூலக விழா, கண் சிகிச்சை முகாம், கபடிப் போட்டி, எதுவானாலும் சரி. ஏனென்றால் நன்றி சொல்பவர் கடைசி வரை இருக்க வேண்டும், ஜமுக்காளத்தை மடிக்க வேண்டும், பெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிச் சேர்க்க வேண்டும். அவ்வளவு பொறுமை ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

அதோடு, அவர் யாரையும் விடமாட்டார். சிறப்பு விருந்தினரில் ஆரம்பித்து, பெஞ்சு கொடுத்த பள்ளிக்கூடம், தண்ணீர்ப் பானை வைத்தவர், பந்தலுக்குக் கயிறு கட்டியவர், அந்தக் கயிற்றைக் கிணற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தவர் வரை போய், மைக்செட்டுக்காரரிடம் வந்து நிறுத்துவார். கையில் துண்டுச்சீட்டு கூட இருக்காது. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் என்று வேறொருவர் நன்றி சொல்லி, சோடாக்கடைக்காரரை விட்டுவிட்டார். அப்புறம் ரொம்ப நாளைக்கு எந்தக் கூட்டத்துக்கும் சோடா வரவில்லை. பேச்சாளர்கள் விக்கிக்கொண்டே பேசினார்கள்.

இத்தனை செய்தும் என்னிடம் அவர் ஒரு நாளும் "என் பேரப் போடுங்க" என்று கேட்டதில்லை. கூட்டம் முடிந்ததும், "தம்பி, பத்திரிகைக்காரங்களுக்கும் நன்றி சொல்லிட்டேன், கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்பார்.

அவரே ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். நான் எப்போதும் உட்காரும் டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். இஞ்சி டேப் கழுத்திலேயே தொங்கியது.

"தம்பி, ஒரு சிக்கல்."

அவர் மகள் வசந்தாவுக்குப் பாடாலூரிலிருந்து வரன். பையன் லாரி ஷெட்டில் மெக்கானிக். பையனுடைய அப்பா ரெங்கசாமிக்கு மெயின் ரோட்டில் லாரிகள் நிற்கிற ஓட்டல். அவர் வாங்குவது எங்கள் பத்திரிகைதான். காலையில் கல்லாவில் உட்கார்ந்து மாவட்டச் செய்திகளை டிரைவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாராம். பெண் பார்க்க வந்தவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்:

"தரகர் சொன்னாரு, நீங்க பெரம்பலூர்ல பொதுக்காரியத்துல பெரிய ஆளுன்னு. நான் பேப்பர்ல ஒரு வரி விடாம படிக்கிறவன். ஒரு நாளும் ஒங்க பேரு என் கண்ணுல படலையே?"

கலியபெருமாள், நன்றியுரை சொல்வது நான்தான் என்றிருக்கிறார். "பேப்பர் படி இந்த ஊர்ல யாரும் நன்றியே சொல்றதில்லைங்களே" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறார் ரெங்கசாமி. பொய் சொல்லிப் பெண் கொடுக்கிற குடும்பமோ என்று தரகரிடம் தனியாகவும் கேட்டிருக்கிறார்.

"பையனப் பொண்ணுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அவங்க போனதுக்கப்புறம் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துச்சு. அத்தனையும் கோணல். அது கை கோணுனதே இல்ல தம்பி."

அன்றைக்கே களத்தில் இறங்கினேன். அடுத்து வந்த கபடிப் போட்டிச் செய்தியைத் தலைகீழாக எழுதினேன். "கலியபெருமாள் நன்றி கூறினார். முன்னதாக..." என்று ஆரம்பம். மறுநாள் பேப்பரைப் பிரித்தால், செய்தி நேராக நின்றுகொண்டிருந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்பு. அத்துடன் முற்றுப்புள்ளி. பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

சந்தானம் சார் சீவலை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நன்றி சொன்னவன் பேரு மொதல்ல வந்தா, படிக்கிறவன் கூட்டம் முடிஞ்சிருச்சுன்னு பக்கத்தத் திருப்பிருவான்டா."

"சார், அந்த மனுசனோட பொண்ணு கல்யாணமே இதுல நிக்குது."

விஷயத்தை முழுவதும் சொன்னேன். ஸ்கேலால் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "தலைமை தாங்குனவன் பேர நான் என்னிக்காச்சும் வெட்டியிருக்கனா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஆள நகத்து. வரிய நகத்தாத."

அந்த ஆண்டு நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. வழக்கமாகத் தலைமை தாங்கும் ரைஸ் மில் முதலாளிக்குப் பல் பிடுங்கி, கன்னம் இட்லிபோல் வீங்கியிருந்தது. இதைவிட நல்ல சகுனம் எனக்கு வேண்டுமா? கலியபெருமாள் தலைமை தாங்கட்டும் என்றேன். வட்டத்தில் எல்லோருக்கும் சம்மதம். ஒரே ஒரு கவலைதான்.

"அப்ப நன்றி யாரு சொல்றது?"

கடைசியில் நூலகரின் தலையில் கட்டினார்கள். அவருக்கு அப்போதே வேர்க்கத் தொடங்கியது.

தலைமையுரையை நானே எழுதிக் கொடுத்தேன். கல்லூரியில் படித்ததை எல்லாம் கொட்டி, நூலகம், அறிவு, நாகரிகம் என்று இரண்டு பக்கம். கலியபெருமாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மனப்பாடம் செய்தார். கால் மிதிக்க மிதிக்க வார்த்தை தண்ணீராக வந்தது. காலை நிறுத்தினால் வாயும் நின்றது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் மனைவி அஞ்சலை, இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏங்க, மேடைக்கு மிஷினையும் தூக்கிட்டுப் போவீங்களா?"

"சும்மா இருடி. நாளைக்குப் பேப்பர்ல மொதப் பேரே நான்தான்."

"வரட்டும். வந்தாத்தான் நம்ம பொண்ணு பாடாலூர் போவும். ஒளறி வைக்காதீங்க."

விழா பள்ளிக்கூட மைதானத்தில். நல்ல கூட்டம். சிறப்புரைக்குத் திருச்சியிலிருந்து ஒரு புலவர் வந்திருந்தார். சரிகைத் துண்டும் கட்டைக் குரலுமாக இருந்த அவர், மைக் முன்னால் நின்றால் ஊர் உறங்கினாலும் உட்கார மாட்டார் என்று பெயர் எடுத்தவர். மேடைக்குப் பின்னால் லப்பைக்குடிக்காடு ஹபீப் பாயின் மைக்செட். அவருடைய தம்பி குவைத்திலிருந்து அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் அது. பாய் ஆரம்பத்தில் "ஹலோ, ஹலோ" சொல்லித் தமிழ்த்தாய் வாழ்த்துப் போடுவார். அப்புறம் முகத்தில் துண்டைப் போட்டுப் பெட்டிகளின் மேல் படுத்துவிடுவார். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எல்லாப் பேச்சையும் கேட்டால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. தேசிய கீத இசைத்தட்டு தயாராக ரிக்கார்டு பிளேயரில் இருக்கும். கலியபெருமாள் குரல் "ஒலிபெருக்கி அமைத்துத் தந்த" என்று வந்ததும் பாயின் கை தானாக நீளும், ஊசியை வைக்கும். கண் திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

வரவேற்புரை முடிந்தது. "அடுத்து, தலைமையுரை" என்றார்கள். கலியபெருமாள் எழுந்தார். அவரே தைத்த புதுச் சட்டை. மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே... தாய்மார்களே..."

நின்றது. நான் முன் வரிசையில் இருந்தேன். மேஜைத் துணிக்குக் கீழே அவருடைய வலது கால் மிதிமிதியென்று மிதிப்பது தெரிந்தது. கீழே மிஷின் இல்லை. வார்த்தை வரவில்லை. "நூலகம்" என்று நான் வாயசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் பத்திரிகை ஞாபகம் வந்திருக்கிறது. பத்திரிகை ஞாபகம் வந்ததும் வண்டி தெரிந்த தடத்தில் இறங்கிவிட்டது.

"...இவ்விழாவுக்கு வருகை தந்த பத்திரிகை நண்பர்களுக்கு என் மனமார்ந்த நன்றி."

முதலில் மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புலவர் கூடத் தலையாட்டினார். ஆனால் நன்றி நிற்கவில்லை. புலவருக்கு நன்றி. அவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் கூட்டிவந்தவருக்கு நன்றி. பெஞ்சு, பானை, சோடா, பந்தல். கயிறு வந்ததும், அடுத்து மைக்செட்தான் என்று எனக்கு உறைத்தது. நூலகர் மேடை ஓரத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். கலியபெருமாள் அவருக்கும் நன்றி சொன்னார். குரல் இப்போது கணீரென்று வந்தது. அவ்வளவு நல்ல நன்றியுரையை அவர் அதற்கு முன் சொன்னதில்லை.

"இறுதியாக, ஒலிபெருக்கி அமைத்துத் தந்த..."

நான் எழுந்து ஓடினேன். மேடையைச் சுற்றிப் பின்னால் போவதற்குள், துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டுவிட்டது.

தேசிய கீதம் ஒலித்தது. மைதானமே எழுந்து நின்றது. ஓடிக்கொண்டிருந்த நானும் ஒரு காலைத் தூக்கியபடி நின்று, பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தேன். மேடையில் புலவர் வாயைத் திறந்தபடி விறைப்பாக நின்றார். கீதம் முடிந்தது. ஜனம் தரையில் விரித்திருந்த பாய்களைச் சுருட்டியது. தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று பழகிய ஆட்கள் பெஞ்சுகளில் கை வைத்துவிட்டார்கள்.

"யோவ், நான் இன்னும் பேசலய்யா!" என்று கத்தினார் புலவர்.

பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கண்டிப்பானவர். "தேசிய கீதம் ஆயிருச்சுங்க. அதுக்கப்புறம் கூட்டம் நடத்துறது மொறையில்ல" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் ஹெட்மாஸ்டரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிரியமாகப் பார்த்தார்கள்.

புலவர் ஹபீப் பாயிடம் பாய்ந்தார். பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அய்யா பேசி முடிச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்? நீங்க பேசுறப்ப எப்பவுமே நான் தூங்கிருவனுங்க, அல்லா அறிய."

கலியபெருமாள் மட்டும் மேடையிலேயே நின்றிருந்தார். என்ன நடந்தது என்பது அவருக்கு மெதுவாகத்தான் இறங்கியது. இறங்கியதும் ஜமுக்காளத்தை மடிக்க ஆரம்பித்தார்.

விஷயத்தை அமுக்கிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். "கலியபெருமாள் தலைமை தாங்கினார்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். ஆனால் புலவர் கழுத்தில் மாலையோடு நேரே திருச்சி பஸ் ஏறி, எங்கள் ஆபீஸுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் உரக்கடை போனுக்குத் திருச்சியிலிருந்து எனக்கு டிரங்க் கால் வந்தது. முதலில் ஏதோ கரகரவென்று சத்தம். லைன் கோளாறு என்று நினைத்தேன். சந்தானம் சார் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

"டேய், நடந்தத அப்படியே எழுதி அனுப்பு. புலவர் ஒரு கத சொல்றாரு, அதுல ஒங்க டெய்லர் குடிச்சிட்டு வந்தாராம். நீ எழுதலன்னா அதுதான் வரும். வரிய எண்ணாத. வாலோட போடுறேன்."

தையல்கடைக்குப் போனேன். பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கலியபெருமாள் துணி எதுவும் இல்லாமல் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். வசந்தா தலை நிமிராமல் பொத்தான் தைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

அஞ்சலை பிடித்துக்கொண்டார். "பேரு வரணும் பேரு வரணும்னு நின்னாருல்ல, வரட்டும்! தம்பி, அந்தப் பாடாலூர்க்காரரு இதக் கல்லாவுல ஒக்காந்து சத்தமா படிப்பாரு. ஊரு ஊரா போற லாரிக்காரனெல்லாம் கேட்டுட்டுப் போவான். எம் பொண்ணு கதி என்னாவும்?"

"எழுதலன்னா குடிகாரன்னு வரும்மா."

மிஷின் நின்றது. கலியபெருமாள் கொஞ்ச நேரம் இஞ்சி டேப்பைச் சுருட்டினார், பிரித்தார்.

"தம்பி, வாலோட போடுறேன்னா, கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப நான் நன்றி சொன்னேன்ல, அத்தன பேரையும் எழுதுங்க. அவங்க பேரும் ஒரு நாளும் வந்ததில்ல பாருங்க. சிரிக்கிறவங்க என்னையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறாங்க, அவங்க பேராவது வரட்டும்."

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டார். கலியபெருமாள் சொல்லச் சொல்ல எழுதினேன். கயிறு கட்டியவரின் பெயரில் நான் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். எட்டிப் பார்த்துத் திருத்தச் சொன்னார்.

பேப்பர் திருச்சியிலிருந்து வருவதால் பாடாலூரில் முதலில் இறங்கும். அப்புறம்தான் பெரம்பலூர். மறுநாள் விடியும்போது நாங்கள் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுக்காகக் காத்திருந்தோம். "இந்நேரம் அவரு படிச்சிருப்பாரு" என்று கலியபெருமாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டு வந்தது. "தொடங்கியதும் முடிந்த ஆண்டு விழா" என்று தலைப்பு, கட்டம் கட்டி. சந்தானம் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். தலைமை கலியபெருமாள். நன்றியும் கலியபெருமாள். கீழே பெஞ்சு, பானை, சோடா, கயிறு, ஹபீப் பாய், ஒருவர் விடாமல். ஏஜெண்டின் கட்டு சற்று நேரத்தில் காலி. கயிறு கட்டியவர், தனக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு போனார். சோடாக்கடைக்காரர் பேப்பரைக் கண்ணாடி ஜாடிகளுக்கு முன்னால் ஒட்டினார்.

ஊரே சிரித்தது. கலியபெருமாள் கடையைத் திறந்து, யாரையும் பார்க்காமல் ஒரு பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு அடிக்கத் தொடங்கினார்.

அப்போது திருச்சிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து, சுருட்டிய பேப்பரை அக்குளில் செருகிக்கொண்டு ஒருவர் இறங்கினார். பெரிய மீசை, தோளில் ஈரத் துண்டு. கடைக்குள்ளிருந்து அஞ்சலை, "வந்துட்டாருங்க" என்றார், செத்த குரலில்.

ரெங்கசாமி வந்து வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"நீதான் இத எழுதுனியா?"

"ஆமாங்க."

"காலையில நான் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு டிரைவர் சிரிச்ச சிரிப்புல டீ கிளாஸு ஒடஞ்சிருச்சு." கலியபெருமாள் பக்கம் திரும்பினார். "ஏங்க, இந்தப் பேரெல்லாம் சீட்டுல எழுதி வச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க. மனசுல இருந்ததுதாங்க."

"ஒருத்தரையும் விடலையா?"

"விட்டா வருத்தப்படுவாங்களேங்க."

ரெங்கசாமி மீசையைத் தடவினார். உள்ளே பொத்தான் தைக்கும் கை நின்றிருந்தது.

"என் பெரிய பொண்ணு கல்யாணத்துல, எங்க பெரியப்பா மவனுக்குப் பத்திரிகை வைக்க மறந்துட்டோம். இன்னிக்கு வரைக்கும் பேச்சுவார்த்த கெடையாது. மச்சான் ஒருத்தனப் பந்தியில கூப்புடாம விட்டுட்டோம், அவன் எலையத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிட்டான். கல்யாணம்னா எங்க வூட்டுல எல்லாருக்கும் வயித்துல புளியக் கரைக்கும். யார விட்டமோ, யார விட்டமோன்னு." பேப்பரை விரித்து விரலால் தட்டினார். "கெணத்துக் கயிற அவுத்துக் குடுத்தவன் பேரு வரைக்கும் நெனப்புல வச்சிருக்கிற மனுசன் நீங்க. ஒங்கள சம்பந்தியாக்கிக்கிட்டா ரெண்டு பக்கமும் பத்திரிகைய நீங்களே வச்சிரலாம். எங்க குடும்பத்துல மொத தடவையா சண்டையில்லாம ஒரு கல்யாணம் நடக்கும்."

கலியபெருமாளின் கையில் இருந்த பேண்ட் நழுவியது.

"ஒரே ஒரு கண்டிசன்" என்றார் ரெங்கசாமி.

"சொல்லுங்க சம்பந்தி" என்று அஞ்சலை முந்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தாலி கட்டி முடியற வரைக்கும் இவரு மைக்கத் தொடக்கூடாது."

கலியபெருமாள் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். அஞ்சலை அவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க."

ஆட்டினார்.